ராணுவ லாரி ஓய்வு பெற்ற பிறகு



இன்றைய கருத்தரங்கில் எனக்குக் கிடைத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் விநோதமானது. ராணுவம் கழித்துவிட்ட லாரியை ஒரு தனிமனிதர் வாங்கினால் அதை எப்படிப் பராமரிப்பது? பழுது வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? சிங்கப்பூரில் இதைக் கேட்க யார் வருவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பொறியாளர் அல்லள். படித்தது பொதுமக்கள் தொடர்புத் துறையில் பட்டயப் படிப்பு. கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆனால் இந்தத் தலைப்பைத் தோண்டத் தோண்ட, இது வெறும் லாரி விஷயமாக இருக்கவில்லை. அதில் ஏறி உட்காருபவர்களின் உயிர் விஷயமாக இருந்தது. அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே சுங்கை ரோடு சந்தை இருந்தது. 1930களில் தொடங்கிய சந்தை. 'திருட்டுச் சந்தை' என்றுதான் ஊர் அதை அழைத்தது. 1960களின் இறுதியில் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு வெளியேறத் தொடங்கியபோது, அவர்களுடைய சீருடைகளும் தளவாடச் சாமான்களும் அங்கே விற்பனைக்கு வந்தன. 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தை மூடப்பட்டது. பீச் ரோட்டில், கோல்டன் மைல் உணவு நிலையத்தில் இருக்கும் ராணுவப் பொருள் கடைகளைத் தேசிய சேவை ஆற்றிய தம்பிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலணி முதல் கயிறு வரை அங்கே கிடைக்கும். ஆக, ராணுவத்தின் மிச்சப் பொருள் பொதுமக்கள் கைக்கு வருவது நமக்குப் புதிதல்ல.

கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிஞ்சிய ராணுவ லாரிகளை மரவெட்டுத் தொழிலில் இருந்தவர்கள் வாங்கினார்கள். நீளத்தைக் குறைத்து, பின்னால் இழுவை உருளையும் கம்பிவடமும் பொருத்தி, காட்டிலிருந்து மரம் இழுக்க விட்டார்கள். சீனர்கள் அதற்கு வைத்த பெயர் 'சான் தாய் வோங்', அதாவது மலையரசன். மலாய்க்காரர்கள் 'லோரி ஹந்து', பேய் லாரி என்றார்கள். போருக்காகச் செய்த வண்டி பல பத்தாண்டுகள் மலைச்சேற்றில் உழைத்தது. பிலிப்பீன்ஸில் அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற ஜீப்புகள்தான் 'ஜீப்னி' ஆகி, மணிலா மக்களைச் சுமந்தன.

இந்தியாவிலும் இதே கதைதான். 1959இல், வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தோடு ஜபல்பூரில் 'சக்திமான்' லாரி தயாராகத் தொடங்கியது. 1996 வரை அது உற்பத்தியில் இருந்தது. அடுத்து வந்தது 'ஜோங்கா'. பெயரைக் கேட்டால் ஏதோ மலையின் பெயர் போல இருக்கிறது, இல்லையா? ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்டு கன்கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் முதலெழுத்துகள்தான் அவை. நிசான் பேட்ரோல் வண்டியின் வடிவம். 3,956 சிசி கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம். இவையெல்லாம் படையிலிருந்து கழிக்கப்பட்டு, ஏலத்தில் போய், தோட்டக்காரர்கள் கைக்கும் ஆர்வலர்கள் கைக்கும் வந்தன. பின்னர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' இந்திய ராணுவத்தின் முதுகெலும்பானது.

இங்கே சிராங்கூன் ரோட்டில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் நிலமோ தோப்போ வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களில் சிலருக்கு, "ஏலத்தில் ஒரு ராணுவ வண்டி எடுத்துப் போட்டால் காலத்துக்கும் உழைக்கும்" என்ற எண்ணம் உண்டு. அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ராணுவ லாரி காலத்துக்கும் உழைக்கும் என்பது பாதி உண்மை. அதன் இரும்பு கனமானது, உண்மை. ஆனால் படையில் அந்த லாரி தனியாக இருப்பதில்லை. அதற்கு ஒரு ஓட்டுநர், ஒரு பதிவேடு, ஒரு பட்டறை, ஒரு கால அட்டவணை எல்லாம் இருக்கின்றன. இந்திய ராணுவத்தில் 'ஃபர்ஸ்ட் பரேடு', 'ஹால்ட் பரேடு', 'லாஸ்ட் பரேடு' என்று மூன்று சோதனைகள் உண்டு. காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒன்று. வழியில் நிற்கும்போது ஒன்று. மாலையில் திரும்பிய பின் ஒன்று. லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வேளை தவறாமல் கவனிப்பு கிடைக்கிறது. ஏலத்தில் நாம் வாங்குவது லாரியை மட்டும்தான். இந்தப் பழக்கங்களை எந்த ஏலத்திலும் விற்பதில்லை. அவற்றை நாமாகத்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 2015 செப்டம்பர் 24ஆம் தேதி நடந்த விபத்தைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து 'டக்' என்னும் நீரிலும் நிலத்திலும் ஓடும் ராணுவ வண்டியைப் புதுப்பித்து, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அரோரா பாலத்தின் மேல் போகும்போது முன்பக்க இடது அச்சுக்கூடு முறிந்தது. வண்டி கட்டுப்பாட்டை இழந்து எதிர்த்தடத்தில் வந்த பேருந்தில் மோதியது. அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் வெளிநாடுகளிலிருந்து சியாட்டிலுக்குப் படிக்க வந்த கல்லூரி மாணவர்கள். ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த செய்தி நம்மை யோசிக்க வைக்கிறது. அச்சுக்கூடு அந்த இடத்தில் முறியக்கூடும், சோதித்து வலுவூட்டுங்கள் என்று வண்டியைப் புதுப்பித்த நிறுவனம் 2013இலேயே ஓர் அறிவிப்பு அனுப்பியிருந்தது. சியாட்டிலில் அந்த வேலை செய்யப்படவில்லை. அச்சுக்கூட்டைப் போதிய வலுவோடு செய்யாததும், குறை தெரிந்த பிறகும் அதைச் சரிவரத் தீர்க்காததும் புதுப்பித்த நிறுவனத்தின் தவறு. அறிவிப்பைப் பின்பற்றாதது வண்டியை ஓட்டிய நிறுவனத்தின் தவறு என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2016இல் முடிவு சொன்னது. அந்த மாணவர்கள் 'டக்' வண்டியில் ஏறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிரே வந்தவர்கள், அவ்வளவுதான்.

சரி, இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் கேட்டதையும் கையேடுகளில் படித்ததையும் சேர்த்து, முக்கியமான ஏழு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, சக்கரம். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாலைக்குப் போகும் முன்பே ஆளைக் கொல்லக்கூடியது இது. பழைய ராணுவ லாரிகள் பலவற்றில் ரிம் ஒரே துண்டாக இருக்காது. லாக் ரிங் என்னும் வளையம் போட்டு டயரைப் பிடித்து வைத்திருப்பார்கள். சிலவற்றில் இரண்டு பாதிகளை போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். உள்ளே காற்று இருக்கும்போது அந்த வளையமோ நட்டோ கழன்றால் வெடிகுண்டு போலத் தெறிக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தில் ரிம்மின் இரு பாதிகளையும் இணைக்கும் நட்டுகளுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். 'காற்று இருக்கும்போது இதைத் தொடாதே' என்று அதற்குப் பொருள். ஏலத்தில் வாங்கியவர் வண்டியை அழகாக்குகிறேன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை நிறம் அடித்துவிட்டால் அந்த எச்சரிக்கையும் மறைந்துவிடும். ஆகவே சக்கரத்தைக் கழற்றும் முன் வால்வின் ஊசியையே எடுத்துவிட்டுக் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். திரும்பக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயால் தள்ளி நின்று அடியுங்கள். அமெரிக்காவில் 1980இலேயே இதைத் தொழிலாளர் பாதுகாப்பு விதியாக்கிவிட்டார்கள். கூண்டு இல்லாத பஞ்சர் கடையில் இந்தச் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள். அங்கே வேலை செய்யும் பையன் யார் வீட்டுப் பிள்ளையோ!

இரண்டாவது, டயரின் வயது. ராணுவ வண்டி நிறைய நாள் கொட்டகையில் நின்றிருக்கும். டயரின் பட்டை புதிது போல இருக்கும். ஆனால் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்து வெடித்திருக்கும். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டையைப் பார்த்து ஏமாறாமல் இந்த எண்ணைப் படியுங்கள்.

மூன்றாவது, பிரேக். பழைய லாரிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் குழாய்த் தொடர்தான். ஓர் இடத்தில் கசிந்தால் எல்லாச் சக்கரமும் பிரேக் இழக்கும். இன்றைய கார்களில் இருப்பது போல் இரண்டாவது தொடர் காப்பாற்றாது. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரம் சேர்ந்தால் உள்ளே துரு பிடிக்கும். மலையிறக்கத்தில் சூடேறும்போது ஆவிக்குமிழி உண்டாகி, மிதி பஞ்சு போல் உள்ளே போகும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். இன்னொன்று. அமெரிக்க ராணுவ வண்டிகள் பலவற்றில் 'டாட் 5' என்னும் சிலிகோன் வகை பிரேக் திரவம் இருக்கும். அதையும் சாதாரண 'டாட் 3', 'டாட் 4' வகையையும் கலக்கக்கூடாது. பிரேக் 'ஆயில்' என்று பெயர் இருப்பதால் இயந்திர எண்ணெயை ஊற்றிவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் உப்பிப் போகும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். நனைத்துத் துடையுங்கள்.

நான்காவது, மின்சாரம். பல ராணுவ லாரிகள் 24 வோல்ட்டில் இயங்குபவை. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். பாட்டுப் பெட்டி வைக்க ஆசைப்பட்டு ஒரு பேட்டரியில் மட்டும் கம்பி இழுத்தால், அது பாதி காலியாகவும் மற்றது அளவுக்கு மீறி மின்னேற்றமாகவும் ஆகி இரண்டுமே கெடும். "பேட்டரி மாற்றி மாற்றி அலுத்துவிட்டது" என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். 24ஐ 12 ஆக்கும் மாற்றி ஒன்றைப் பொருத்தினால் தீர்ந்தது. விளக்கு மங்கினால் பல்பைக் குறை சொல்லும் முன், உடலோடு இணையும் 'எர்த்' கம்பியின் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். போர்க் காலத்து வண்டிகள் சிலவற்றின் முகப்பு மானிகளில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். அவற்றின் கண்ணாடியைத் திறக்க வேண்டாம்.

ஐந்தாவது, எரிபொருள். டீசல் வண்டி கிளம்பி, சற்று நேரம் ஓடி, அணைந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். வடிகட்டியின் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பால் அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது, பம்பு அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். மறுநாளும் இதே பழுது வந்தால் காற்று எங்கே புகுகிறது என்று தேட வேண்டும். தினமும் காற்றெடுப்பது வைத்தியமாகாது. பெட்ரோல் வண்டிக்காரர்களுக்குப் புதிய தலைவலி எத்தனால். இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கப்படுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது இளக்கும். தொட்டியில் பல காலமாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டரை அடைக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள்.

ஆறாவது, நான்கு சக்கர இயக்கம். சேற்றிலும் மணலிலும் போடும் அந்தக் கியரைத் தார்ச்சாலையில் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். பழைய லாரிகள் பலவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேகத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு கிடையாது. வளைவில் திரும்பும்போது இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும். அப்புறம் நெம்புகோல் வெளியே வராது. சுத்தியல் எடுக்க வேண்டாம். வண்டியைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டுங்கள், முறுக்கு அவிழ்ந்து தானே வரும்.

ஏழாவது, மாற்று இயந்திரம். ஜோங்காவின் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் டீசல் இயந்திரம் பொருத்தியவர்கள் பலர். அதில் தவறில்லை. ஆனால் டீசல் இயந்திரத்தின் எடை வேறு, அதிர்வு வேறு. தாங்கிகள் விரிசல் விடுகின்றனவா, முன் பிரேக் அந்த எடையைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு அதிகாரியின் அனுமதியும் பதிவுச் சான்றில் குறிப்பும் வேண்டும். இல்லையென்றால் விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனத்திடம் பேச உங்களுக்கு வாய் இருக்காது.

பழுது தேடும்போது ஒரு முறை உண்டு. ஒரே நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். எளியதை முதலில் பாருங்கள். எரிபொருள் வருகிறதா, காற்று வருகிறதா, பெட்ரோல் வண்டியானால் பொறி வருகிறதா? மூன்று கேள்வியில் பாதிப் பழுது பிடிபடும். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். வழியில் நிற்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகப்போகிறது. இதற்குக் கருவியே தேவையில்லை. 'ஹால்ட் பரேடு' கற்றுத்தருவது இதைத்தான்.

சிங்கப்பூரில் இப்படி ஒரு லாரியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பீர்கள். நம் நாட்டுச் சட்டம் அதற்குத் தோதாக இல்லை. சரக்கு வாகனத்தின் ஆயுளே 20 ஆண்டுகள்தான். இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டியைப் பொதுவாகப் பதிவு செய்ய முடியாது. 35 வயது கடந்த பழங்கார்களுக்குத் தனித்திட்டம் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 45 நாள்கள்தான் சாலையில் ஓட்டலாம். இந்தியாவிலும் காலம் மாறுகிறது. 2023 ஏப்ரல் முதல், 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்புக்குப் போகின்றன. கவச வாகனம் போன்ற சிறப்புப் பயன்பாட்டு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே வாங்கும் முன் ஏலத் தாள்கள், விடுவிப்புச் சான்று, சட்ட எண், இயந்திர எண் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தாள் சரியில்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

இந்தக் கட்டுப்பாடுகளைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, லாரியின் பின்பக்கத்தில் அமர்ந்து விடுதிக்குத் திரும்பும் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஏறுகிறவருக்கு அந்த வண்டியின் பிரேக்கைச் சோதிக்க வழியில்லை. ஓட்டுபவரையும் உரிமையாளரையும் நம்பித்தான் ஏறுகிறார். ராணுவ லாரியிலும் பின்னால் பலகை ஆசனங்கள் இருக்கும். ஊர்த் திருவிழாவுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக ஆசை வரும். அந்தப் பிள்ளைகளும் நம்மை நம்பித்தான் ஏறுவார்கள்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள், அல்லது ஊரில் அண்ணன் தம்பி யாராவது வைத்திருந்தால் அவர்கள், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஐம்பது ரூபாய்கூட ஆகாது. எந்தத் தேதியில் பிரேக் ஆயில் மாற்றினீர்கள், எந்த டயருக்கு என்ன வயது, எந்தச் சக்கரம் சூடானது, எந்த மெக்கானிக் என்ன சொன்னார் என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். போர்க் காலத்து ஜீப்புக்கு அமெரிக்க ராணுவம் எழுதிய கையேடு இன்றும் அச்சில் கிடைக்கிறது. உலகமெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்துத்தான் வண்டியைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் சக்திமானையும் ஜோங்காவையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த நம் மெக்கானிக்குகளின் அறிவு பெரும்பாலும் அவர்கள் கைகளில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. அடுத்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் படமும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்விகள் இருந்தால், பதில் சொல்ல என்னைவிட நன்றாகத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்கிறேன்.